பழைய சீட்டும் புதிய துப்பாக்கியும்

ஒரு மனிதர் சில வருஷங்களுக்கு முன் யோக்கியராக இருந்தார் என்று ஒரு சர்க்கார் காகிதம் சாக்ஷி சொல்லுகிறது. அந்தக் காகிதத்தை நம்பி, இன்று வேறு விசாரணை யாதொன்றுமின்றி, அவர் கையில் புதிய துப்பாக்கி ஒன்றை விற்கலாமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சமஷ்டிச் சட்டம், சில நிபந்தனைகளுடன், "விற்கலாம்" என்று விடை கூறுகிறது. துப்பாக்கியைப் பற்றிய வழக்கு அத்தேசத்தில் ஓயாமல் நடந்து வருவதை நமது நேயர்கள் அறிவார்கள். பள்ளிக்கூடத்திலோ கோயிலிலோ கடைத்தெருவிலோ பலர் மாண்டார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் இரு கட்சியாரும் பழைய வாதங்களையே உரத்த குரலில் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். அந்தப் பேரிரைச்சலில், சட்டத்தின் ஒரு மூலையில் கிடக்கும் இச்சிறு விதிவிலக்கை ஆராய்வோர் சிலரே. ஆயினும் சட்டங்கள் கெடுவது பெரும்பாலும் இத்தகைய மூலைகளிலேதான். ஆதலின் இன்று அதனையே நமது விசாரணைக்கு எடுத்துக்கொண்டோம்.

முதலில் சட்டம் வந்த வழியைச் சுருக்கமாகக் கூறுவோம். 1968-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிரஸிடெண்ட் ஜான்ஸன் கையொப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், இன்னின்னார் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்று வகுத்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை அடைந்தவர், நீதிக்குத் தப்பி ஓடியவர், போதை மருந்துக்கு அடிமையானவர், சித்த சுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டவர் முதலியோர் அந்த ஜாபிதாவில் அடங்குவர். பிற்காலத்தில், 1994-ம் வருஷத்தில், மனைவியையோ துணைவியையோ ஹிம்ஸிக்கக் கூடாதென்று கோர்ட்டு உத்தரவுக்கு உட்பட்டவரும், 1996-ல், குடும்பத்தினரை அடித்த சிறு குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள்.

ஜாபிதா இருந்தது, அதைப் பார்ப்பதற்குக் கண் இல்லை. துப்பாக்கி வாங்க வந்தவர், தாம் மேற்சொன்ன வகையினரில் ஒருவரல்லர் என்று ஒரு பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சமஷ்டிச் சட்டத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. கையெழுத்து மெய்யா பொய்யா என்று பார்க்கும் பொறுப்பு கடைக்காரருக்கு இல்லை. 1981-ம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி வாஷிங்டன் நகரத்தில் பிரஸிடெண்ட் ரீகனை ஒருவன் சுட்டான். அவன் டல்லாஸ் நகரத்து அடகுக் கடை ஒன்றில் ரிவால்வரை வாங்கியிருந்தான். ரீகன் பிழைத்தார். அவருடைய பத்திரிகைக் காரியதரிசியான ஜேம்ஸ் பிராடியின் தலையில் குண்டு பாய்ந்து, அவர் ஆயுள் முழுதும் அங்கஹீனராக வாழ நேர்ந்தது. அவரும் அவர் மனைவியும் பல வருஷ காலம் பாடுபட்டதன் பயனாக, 1993-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பிரஸிடெண்ட் கிளிண்டன் கையொப்பத்துடன் பிராடி சட்டம் பிறந்தது. அதன்படி, லைசென்ஸ் பெற்ற வியாபாரி எவரும் துப்பாக்கியைக் கைமாற்றுவதற்கு முன் வாங்குபவரின் பூர்வோத்தரங்களை விசாரித்தாக வேண்டும்.

சரியாக ஐந்து வருஷங்கள் கழித்து, 1998-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, இவ்விசாரணையைக் கணத்தில் செய்து முடிக்கும் தேசிய ஏற்பாடு ஒன்று அமுலுக்கு வந்தது. எப்.பி.ஐ. என்னும் சமஷ்டிப் புலன் விசாரணை இலாகா மேற்கு வர்ஜீனியாவிலிருந்து அதை நடத்துகிறது. கடைக்காரர் டெலிபோன் மூலமோ கம்ப்யூட்டர் மூலமோ கேட்கிறார். பெரும்பாலோர் விஷயத்தில் சில நிமிஷங்களுக்குள் பதில் கிடைத்துவிடுகிறது. 2020-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் இத்தகைய விசாரணைகள் 3 கோடியே 90 லக்ஷத்துக்கு மேல் நடந்தன. இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு விரைவில் செய்யும் யந்திரம் உலகத்தில் அதிகம் இல்லை.

இனி விதிவிலக்கைப் பார்ப்போம். பிராடி சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கவோ வாங்கவோ உரிமை தரும் மாகாண லைசென்ஸ் ஒன்றை வாங்குபவர் காட்டுவாராயின், கடைக்காரர் தேசிய விசாரணையைக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு நிபந்தனைகள் மூன்று. லைசென்ஸ், விற்பனை நடக்கும் அதே மாகாணத்தில் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். வழங்கி ஐந்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருத்தல் கூடாது. அதிகாரமுள்ள உத்தியோகஸ்தர் ஒருவர், மனுதாரர் துப்பாக்கி வைத்திருப்பது சட்ட விரோதமன்று என்று தஸ்தாவேஜுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பின்னரே லைசென்ஸ் தரப்பட வேண்டுமென்று அம்மாகாணச் சட்டம் விதித்திருக்க வேண்டும். எந்த மாகாணத்து லைசென்ஸ் இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துகிறது என்பதை, மது, புகையிலை, துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றைக் கண்காணிக்கும் சமஷ்டி இலாகா ஓர் அட்டவணையாக வெளியிட்டு வருகிறது. இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்கள் அவ்வட்டவணையில் இடம் பெற்றிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில், வெளியே துப்பாக்கி தரித்துச் செல்வதற்காகக் கொடுக்கும் லைசென்ஸே இச்சலுகையையும் பெற்றுத் தருகிறது.

இவ்விதிவிலக்கை ஆதரிப்போர் கூறுவதை முதலில் நியாயமாக எடுத்துரைப்பது நமது கடமை. தரிப்பு லைசென்ஸ் வாங்குவது கடையில் ஒரு பாரம் பூர்த்தி செய்வதைப் போல் எளிதன்று என்கிறார்கள். பல மாகாணங்களில் மனுதாரர் கைரேகை கொடுக்க வேண்டும். கட்டணம் செலுத்த வேண்டும். பயிற்சி பெற வேண்டும். வாரக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இவ்வளவு சோதனையும் தாமாக வலிந்து ஏற்றவரை மறுபடியும் கடை வாசலில் நிறுத்திச் சோதிப்பது வீண் வேலை. அந்த நேரத்தைச் சந்தேகத்துக்கு இடமான மற்றவர்களை விசாரிப்பதில் செலவிடலாம். மேலும், ஒரே பெயருடைய குற்றவாளி ஒருவன் இருப்பதால் குற்றமற்ற மனிதர் பலமுறை தாமதப்பட நேருகிறது. லைசென்ஸ் இருப்பின் அத்தொல்லை இல்லை. இவ்வாறு அவர்கள் வாதிக்கிறார்கள். இவ்வாதத்தில் உண்மை உண்டு. லைசென்ஸ் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் சட்டத்துக்கு அடங்கிய குடிகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் கூறப்போவது அவர்கள்மீது சாட்டும் குற்றமன்று.

நமது நேயர்களில் நிலம் வாங்கியவர் பலர் இருப்பார்கள். காணி ஒன்று கிரயத்துக்கு வருகிறது. விற்பவர் தமது பெட்டியிலிருந்து ஒரு வில்லங்க சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுகிறார். அதில் முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, வில்லங்கம் ஒன்றுமில்லை என்ற வாசகமும் இருக்கிறது. ஆனால் தேதி நான்கு வருஷங்களுக்கு முந்தியது. அதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்படி எந்த வக்கீலாவது தம் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லுவாரா? சர்டிபிகேட் பொய்யென்று அவர் நினைப்பதில்லை. விற்பவரை மோசக்காரர் என்றும் கூறுவதில்லை. அந்தத் தேதி வரையில் அது மெய். அதற்குப் பிறகு அடமானம் ஏற்பட்டதா, ஜப்தி வந்ததா என்பதைப் பற்றி அக்காகிதம் மௌனம் சாதிக்கிறது. ஆகையால் கிரயத் தேதி வரையில் புதிய சர்டிபிகேட் கேட்பார். கேட்கப்பட்டவரும் அதை அவமானமாகக் கொள்ள மாட்டார். ஒரு காணிக்கு நாம் காட்டும் ஜாக்கிரதையை ஓர் உயிருக்குக் காட்டுவது அதிகமாகுமா?

நிலத்திற்கு வில்லங்கம் வருவது போலவே மனிதனுக்கும் வருகிறது. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்கு லைசென்ஸ் கிடைத்த நாளில் அவர்மீது யாதொரு குறையும் இல்லை. இரண்டு வருஷம் சென்றபின் குடும்பத்தில் கலகம் விளைகிறது. மனைவியை அடிக்கிறார். அவள் கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாப்பு உத்தரவு பெறுகிறாள். அந்த நிமிஷம் முதல் அவர் துப்பாக்கி வைத்திருப்பது சமஷ்டிச் சட்டப்படி குற்றம். லைசென்ஸும் மாகாணச் சட்டப்படி ரத்தாக வேண்டியதே. ஆனால் அவர் பையில் கிடக்கும் அட்டையில் "ரத்து" என்று ஒருவரும் எழுதவில்லை. கோர்ட்டிலிருந்து லைசென்ஸ் கச்சேரிக்குச் செய்தி போய், அங்கிருந்து கட்டளை பிறந்து, அட்டையைத் திரும்ப வாங்கும் வரையில், அட்டையில் அச்சிட்ட கெடு முடியாத வரையில், பார்வைக்கு அது உயிருள்ள லைசென்ஸாகவே தோன்றும். அவர் அதைக் கடையில் நீட்டுகிறார். தேசிய விசாரணை கேட்கப்பட்டிருந்தால் கோர்ட்டு உத்தரவு சில நிமிஷத்தில் வெளிப்பட்டிருக்கும். கேட்கப்படாமையால் துப்பாக்கி கைமாறுகிறது. பொய்யாகக் கையெழுத்திட்டதற்குப் பின்னால் அவரைத் தண்டிக்கலாம் என்பது உண்மையே. ஆனால் கையெழுத்தை மாத்திரம் நம்பியிருந்த பழைய நிலையை மாற்றவன்றோ பிராடி சட்டம் பிறந்தது! விதிவிலக்குப் பெற்றவர் விஷயத்தில், லைசென்ஸ் தேதிக்குப் பின் நடந்த யாவற்றையும் பொறுத்தமட்டில், சட்டம் மீண்டும் 1993-க்கு முந்திய நிலைக்கே திரும்பிவிடுகிறது.

உதாரணம் கற்பனையானாலும் அதற்கு ஆதாரமான நிலைமை கற்பனையன்று. டெக்ஸாஸ் மாகாணத்தில் ரஹீமி என்பவர் சம்பந்தப்பட்ட வழக்கை அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2024-ம் வருஷம் ஜூன் 21-ந் தேதி தீர்மானித்தது. தம் குழந்தையின் தாயாகிய பெண்ணைத் தாக்கியதன்பேரில், 2020-ம் வருஷம் பிப்ரவரியில் அவர்மீது கோர்ட்டுத் தடை உத்தரவு பிறந்தது. அதே உத்தரவு அவருடைய துப்பாக்கி லைசென்ஸையும் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. பின்னர் போலீஸார் அவர் வீட்டைச் சோதித்தபோது கைத்துப்பாக்கியும் ரைபிளும் மாத்திரமல்ல, அந்தத் தடை உத்தரவின் நகலும் அங்கே அகப்பட்டது. இவர் விதிவிலக்கைப் பயன்படுத்தித் துப்பாக்கி வாங்கினார் என்று நாம் கூறவில்லை. வழக்கு அதைப் பற்றியதன்று. லைசென்ஸ் பெற்றிருந்த ஒருவர் அதன் கெடு முடியுமுன்னரே சட்டம் தடுத்த மனிதராக மாறக்கூடும் என்பதற்கு அவ்வழக்கு சாக்ஷியாக நிற்கிறது. டெக்ஸாஸ் லைசென்ஸோ விதிவிலக்கு அட்டவணையில் உள்ளதாகும். பிறருடைய உடலுக்கு உண்மையான அபாயம் விளைவிக்கக்கூடியவர் என்று கோர்ட்டு கண்டவரிடமிருந்து தாற்காலிகமாக ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்று நீதிபதிகளில் எட்டுப் பேர் தீர்ப்பளித்தனர், ஒருவரே மாறுபட்டார். தடுக்கும் அதிகாரம் உண்டென்று சுப்ரீம் கோர்ட்டே கூறிவிட்டது. தடுக்கப்பட்டவரை அடையாளம் காணும் கேள்வியைக் கடைக்காரர் கேட்காமல் விட்டால் அந்த அதிகாரத்தால் யாது பயன்?

"லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருக்குமே, புதிதாக ஒன்றைத் தடுத்து ஆவதென்ன?" என்று சிலர் கேட்பர். கையிலுள்ளதை ஒப்புவிக்கும்படி கோர்ட்டு கட்டளையிட முடியும். பல இடங்களில் அவ்வாறு கட்டளையிடவும் செய்கிறார்கள். ஒப்புவித்துவிட்டு, மறுநாள் கடைக்குப் போய் வேறொன்று வாங்கிக்கொள்ள வழி இருக்குமாயின் அந்தக் கட்டளை நகைப்புக்கு இடமாகும். முன்வாசலைப் பூட்டிப் புழைக்கடையைத் திறந்து வைத்த கதையே இது.

இதுகாறும் லைசென்ஸ் வழங்கிய பின் நேரும் மாறுதலைப் பற்றிக் கூறினோம். வழங்கும்போதே தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? இதுவும் வெறும் ஊகமன்று. அலபாமா மாகாணத்தில் லைசென்ஸ் வழங்குவோர் கவுண்டிதோறும் உள்ள ஷெரீப்கள். தேசிய விசாரணை செய்த பின்னரே லைசென்ஸ் தர வேண்டுமென்று மாகாணச் சட்டம் கூறியது. அதை நம்பிச் சமஷ்டி இலாகா அலபாமாவை அட்டவணையில் சேர்த்தது. ஆனால் அவ்விசாரணை முடியாமலே லைசென்ஸுகள் வழங்கப்பட்டதும், தகுதியற்றவர்களுக்கும் அவை போய்ச் சேர்ந்ததும் பின்னர் தெரியவந்தன. 2019-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி முதல் அம்மாகாண லைசென்ஸைக் காட்டி விசாரணையிலிருந்து தப்ப முடியாதென்று இலாகா அறிவித்தது. எட்டு மாதம் ஆகுமுன், 2020-ம் வருஷம் மார்ச்சு 3-ந் தேதி, மிச்சிகன் மாகாணத்துக்கும் அதே கதி நேர்ந்தது. அங்கும் சமஷ்டிச் சட்டம் கோரும் முழு ஆராய்ச்சி இல்லாமலே லைசென்ஸ் வழங்கப்பட்டதாக இலாகா கண்டது. இவ்விரண்டு இடங்களிலும், தவறு கண்டுபிடிக்கப்படும் வரையில் கடைக்காரர்கள் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குற்றம் கடையில் நிகழவில்லை. எங்கோ ஒரு கச்சேரியில் நேர்ந்த அசிரத்தையை, விதிவிலக்கானது மாகாணம் முழுவதிலுமுள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

புளோரிடா மாகாணத்தில் நேர்ந்ததையும் கூறுவோம். அங்கே துப்பாக்கி லைசென்ஸ் வழங்குவது விவசாய இலாகா என்பது கேட்பதற்கு விநோதமாக இருக்கலாம், உண்மை அதுவே. 2016-ம் வருஷம் முதல் ஒரு வருஷத்துக்கு மேலாக அவ்விலாகாவில், தேசிய ஏற்பாட்டுக்குள் கம்ப்யூட்டர் மூலம் நுழைய முடியாத காரணத்தால், மனுதாரர்களைப் பற்றிய விசாரணையின் ஒரு பகுதி பார்க்கப்படாமலே விடப்பட்டது. 2018-ல் விஷயம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. விட்டுப்போன மனுக்களில் 365-ஐ மறுபடி ஆராய்ந்து, 291 லைசென்ஸுகளை ரத்து செய்ததாக இலாகா கூறியது. புளோரிடா லைசென்ஸ் தேசிய விசாரணையிலிருந்து விலக்களிப்பதில்லை. மாகாணச் சட்டப்படி மூன்று நாள் காத்திருப்பதிலிருந்து மாத்திரமே விலக்களிக்கிறது. ஆதலின் அங்கே கடையில் இரண்டாவது காவல் ஒன்று எஞ்சியிருந்தது. அதே தவறு விதிவிலக்கு உள்ள மாகாணம் ஒன்றில் நேர்ந்திருந்தால் அந்த இரண்டாவது காவலும் இருந்திராது. மனிதர் நடத்தும் எந்தக் கச்சேரியிலும் தவறு நேரும். ஆனைக்கும் அடி சறுக்கும். அது தெரிந்துதான் விவேகிகள் ஒரே பூட்டை நம்பி வீட்டை விட்டுப் போவதில்லை.

இவ்வளவும் கூறியதால் விதிவிலக்கை அடியோடு எடுத்துவிட வேண்டுமென்பது நமது கட்சி என்று நினைக்கலாகாது. கெண்டக்கி மாகாணத்தைப் பாருங்கள். அங்கேயும் தரிப்பு லைசென்ஸ் பெற்றவருக்கு விலக்கு உண்டு. ஆனால் அம்மாகாணத்தார் லைசென்ஸ் கொடுத்தவுடன் கண்ணை மூடிக்கொள்வதில்லை. லைசென்ஸ் பெற்ற ஒவ்வொருவரையும் மாதந்தோறும் தேசிய ஏற்பாட்டில் மறுபடி விசாரிக்கிறார்கள். இதனாலேயே அம்மாகாணத்து விசாரணைகளின் தொகை அதன் ஜனத்தொகைக்குப் பொருந்தாத அளவில் பெருகிக் காண்கிறது. இம்முறையில் சீட்டுக்கு வயது ஐந்து வருஷமானாலும் அதன் சாக்ஷியத்துக்கு வயது ஒரு மாதத்துக்கு மேற்படுவதில்லை. நேர்மையான லைசென்ஸ்தாரர் கடையில் காத்திருக்க வேண்டியதில்லை. தடுக்கப்பட வேண்டியவர் ஐந்து வருஷம் தப்பித் திரியவும் முடியாது. துப்பாக்கி உரிமையில் பற்றுள்ள ஒரு தென் மாகாணமே இவ்வேற்பாட்டைச் செய்திருக்கிறதென்றால், இது உரிமைக்கு விரோதமானதென்று யார் கூறக்கூடும்?

உரிமையைப் பற்றிய ஆக்ஷேபத்துக்கும் இங்கே சமாதானம் கூறிவிடுவோம். 1791-ல் சேர்க்கப்பட்ட அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் தனி மனிதருக்கே ஆயுத உரிமை அளிக்கிறதென்று சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் ஹெல்லர் வழக்கில் தீர்த்தது. அதே தீர்ப்பில், குற்றவாளிகளும் சித்த சுவாதீனமற்றவர்களும் ஆயுதம் வைத்திருக்கலாகாதென்ற பழைய தடைகளைத் தான் அசைக்கவில்லை என்றும் கூறிற்று. 2022-ம் வருஷம் ஜூன் 23-ந் தேதி புரூயென் வழக்கில், வெளியே ஆயுதம் தரிக்க விசேஷ காரணம் காட்டும்படி கேட்ட நியூயார்க் சட்டத்தைத் தள்ளியபோதுங்கூட, மனுதாரரின் பூர்வோத்தரங்களைத் திட்டமான விதிகளின்படி விசாரித்து லைசென்ஸ் வழங்கும் மாகாணங்களைக் குறை கூறவில்லை. சில நிமிஷத்தில் முடியும் ஒரு கேள்வி உரிமையைப் பறிப்பதாகாது. உரிமையுள்ளவர் யார், இழந்தவர் யார் என்று பிரித்துக் காட்டுவதே அதன் வேலை.

நிற்க, லைசென்ஸின் மதிப்பையே மாற்றிவிட்ட வேறொரு நிலைமையும் உண்டு. 2024-ம் வருஷ முடிவில் 29 மாகாணங்கள், லைசென்ஸ் இல்லாமலே வெளியில் துப்பாக்கி தரித்துச் செல்ல அநுமதித்திருந்தன. அப்படியிருந்தும் அவற்றுள் பல மாகாணங்கள் லைசென்ஸ் கொடுத்து வருகின்றன. தரிப்பதற்கு அவசியமில்லாத லைசென்ஸை ஏன் வாங்க வேண்டும்? அதை ஒப்புக்கொள்ளும் பிற மாகாணங்களில் பிரயாணம் செய்வதற்காக என்பது ஒரு காரணம். கடையில் விசாரணையிலிருந்து விலக்குப் பெறுவதற்காக என்பது மற்றொன்று. ஆகவே, பொது இடத்தில் ஆயுதம் தரிப்பவரின் தகுதியைச் சோதிப்பதற்காக ஏற்பட்ட சீட்டு, சோதனையிலிருந்து விடுபடுவதற்கான சீட்டாகவும் மாறி வருகிறது. ஒரு லைசென்ஸின் நோக்கம் இவ்வாறு மாறும்போது அதை வழங்கும் முறையில் முன்னிலும் அதிகக் கண்டிப்பு வேண்டுமேயன்றித் தளர்ச்சி கூடாது.

தேசிய விசாரணையே குறையற்றதன்று என்பதை மறைப்பது நமது நோக்கமன்று. 2007-ம் வருஷம் வர்ஜீனியா டெக் கலாசாலையில் 32 பேரைக் கொன்றவனைப் பற்றிக் கோர்ட்டு செய்த தீர்மானம் தேசிய ஜாபிதாவுக்குப் போய்ச் சேரவில்லை. 2015-ம் வருஷம் சார்ல்ஸ்டன் நகரத்துத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன், மூன்று வேலை நாளுக்குள் விடை வராவிட்டால் விற்கலாம் என்ற விதியைக் கொண்டு துப்பாக்கி பெற்றான். 2017-ல் டெக்ஸாஸில் ஸதர்லண்டு ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 26 உயிர்களைப் பலி கொண்டவனுடைய தண்டனையை விமானப் படையார் எப்.பி.ஐ.க்கு அறிவிக்கத் தவறியிருந்தனர். உரிமையாளரான சாதாரண மனிதர் வியாபாரியாக இல்லாமல் துப்பாக்கி விற்கும்போது சமஷ்டிச் சட்டம் விசாரணையைக் கோருவதே இல்லை. அது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய துவாரம். ஆயினும், விளக்கு மங்கலாக எரிகிறதென்று அதை அணைத்துவிடுவார் உண்டோ? திரியைத் தூண்டி எண்ணெய் வார்ப்பதே அறிவுடையோர் செயல். பெரிய துவாரம் இருப்பது சிறிய துவாரத்தை அடையாமலிருப்பதற்குக் காரணமாகாது. அதிலும், பெரியதை அடைக்கக் காங்கிரஸ் சபையில் புதுச் சட்டம் வேண்டும். கட்சிப் பிளவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. இச்சிறியதை மாகாணங்களே தம் சொந்த அதிகாரத்தைக் கொண்டு பெரும்பாலும் அடைத்துவிட முடியும்.

செய்ய வேண்டியவை யாவை? விதிவிலக்கை விரும்பும் மாகாணம் ஒவ்வொன்றும் கெண்டக்கியைப் போல் லைசென்ஸ் பெற்றவர்களைக் குறித்த காலந்தோறும் தேசிய ஜாபிதாவுடன் ஒத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு செய்யாத மாகாணத்தின் லைசென்ஸ் விதிவிலக்குக்குத் தகுதியற்றதென்று காங்கிரஸ் திருத்தம் செய்தால் நலம். பாதுகாப்பு உத்தரவு பிறப்பிக்கும் கோர்ட்டு, லைசென்ஸ் அட்டையை அந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். செய்தியை அன்றே அனுப்பவும் வேண்டும். கடைக்காரர் அட்டையைக் கண்ணால் பார்ப்பதோடு நில்லாமல், அது இன்று அமுலில் உள்ளதா என்று லைசென்ஸ் கச்சேரியைக் கேட்டறிய வழி செய்ய வேண்டும். சமஷ்டி இலாகாவும் அலபாமாவிலும் மிச்சிகனிலும் செய்த பரிசோதனையை, புகார் வந்த பின்னரன்றி, அட்டவணையிலுள்ள எல்லா மாகாணங்களிலும் தவறாமல் நடத்தி வர வேண்டும். இவற்றுள் எதுவும் நேர்மையான மனிதர் ஒருவருடைய துப்பாக்கியையும் பறிப்பதாகாது.

நமது தேசத்து நிலைமை வேறு. இங்கே அநுமதிப் பத்திரமின்றித் துப்பாக்கி வாங்கவே முடியாது. எனினும், 2019-ம் வருஷத் திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த அதே பார்லிமெண்டு, பத்திரத்தின் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீட்டியிருக்கிறது. ஐந்து வருஷ காலத்தில் ஒரு மனிதர் வாழ்வில் என்னென்ன மாறுதல் நேரக்கூடும் என்ற கேள்வி அமெரிக்கருக்கு மாத்திரம் உரியதன்று என்பதை நமது சட்டசபை அங்கத்தினர்களும் நினைவில் வைப்பார்களாக.

சர்க்கார் கொடுக்கும் சீட்டு ஒவ்வொன்றும் அது எழுதப்பட்ட நாளின் செய்தியையே கூறும். மறுநாள் நடந்ததை அது அறியாது. அறியாத சாக்ஷியைக் கூண்டில் ஏற்றி, அவன் வாக்கின்மேல் தீர்ப்புச் சொல்லும் நியாயாதிபதி இல்லை. பாதுகாப்பு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் கதவைத் தாழிட்டுப் படுக்கும் ஒரு பெண், தன்னைத் தேடி வரக்கூடியவனுக்கு அன்று பகலில் கடையில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் துப்பாக்கி விற்றிருக்க மாட்டார்கள் என்று நம்பும் உரிமை உடையவள். அந்த நம்பிக்கையை அவளுக்கு அளிக்கச் சில நிமிஷங்கள் போதும். அந்தச் சில நிமிஷங்களை மிச்சப்படுத்திக் கொடுப்பதையே பெரிய உபகாரமாக ஒரு சட்டம் கருதுமாயின், அது யாருக்கு உபகாரம் என்பதை அமெரிக்க ஜனங்கள் ஆற அமர யோசித்துப் பார்க்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.